கிணற்றுக்குச் சாட்சி சொல்லும் வெங்காயம்

கிணற்றுத் தண்ணீர் நல்லதா, கெட்டதா?

பார்த்துச் சொல்ல முடியாது. குடித்துப் பார்த்தும் சொல்ல முடியாது. ஆர்செனிக் என்று ஒரு விஷம் இருக்கிறது. அதற்கு நிறம் இல்லை. மணம் இல்லை. ருசியும் இல்லை. கண்ணாடி போன்ற தண்ணீரிலும் அது கலந்திருக்கும்.

அப்படியானால், தண்ணீரில் விஷம் இருப்பதை எப்படிக் கண்டுபிடிப்பது?

மீனை விட்டுப் பார்ப்பது பழைய வழி. மீன் செத்தால் தண்ணீரில் விஷம். பிழைத்தால் பயம் இல்லை.

இந்த வழி சட்டத்திலேயே இடம் பிடித்திருக்கிறது. 1986-ம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளில் இது உண்டு. ஆலைக் கழிவு நீரில் மீன்களை 96 மணி நேரம் விட வேண்டும். நூற்றுக்கு 90 மீன்கள் பிழைத்திருக்க வேண்டும். கழிவு நீருக்கு விதித்த நிபந்தனைகளில் இதுவும் ஒன்று.

மீனைக் கொல்லாமல் இதற்குப் பதில் காண முடியாதா?

முடியும். அதற்கு நல்ல வழிகள் வந்துவிட்டன. அதில் ஒன்று, எல்லா வீட்டு அடுப்படியிலும் கிடக்கும் வெங்காயம்!

இந்தப் புது வழிகள் பெரிய நகரங்களின் ஆய்வுக்கூடங்களோடு நின்றுவிடக் கூடாது. கடற்கரைச் சிற்றூர்களுக்கு வர வேண்டும். காரைக்கால் பட்டினச்சேரி போன்ற ஊர்களுக்கு முதலில் வர வேண்டும்.

மணலுக்குள் மிதக்கும் தண்ணீர்

பட்டினச்சேரி மீனவர் ஊர். காரைக்கால் பகுதியில் உள்ள திருமலைராயன்பட்டினம் கொம்யூன் பஞ்சாயத்தைச் சேர்ந்தது. "கொம்யூன்" என்பது பிரெஞ்சுக்காரர் விட்டுப்போன சொல்.

மாசி மகத்தன்று, திருக்கண்ணபுரம் சௌரிராஜப் பெருமாள் இந்தக் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்கு வருகிறார். மீனவர்கள் அவரைத் தங்கள் வீட்டு மாப்பிள்ளை என்று கொண்டாடி வரவேற்கிறார்கள்.

மாப்பிள்ளை வந்தால் முதலில் கொடுப்பது என்ன? ஒரு செம்பு தண்ணீர். அது நல்ல தண்ணீராக இருக்க வேண்டாமா?

கடலோரத்தில் நல்ல தண்ணீர் கிடைப்பதே ஓர் அதிசயம். மழை நீர் மணலில் இறங்குகிறது. அடியில் கடலின் உப்பு நீர் இருக்கிறது. உப்பு நீர் கனமானது. மழை நீர் அதைவிட லேசானது. ஆகவே, பாலின் மேல் ஆடை மிதப்பது போல, உப்பு நீரின் மேல் நல்ல நீர் மிதக்கிறது.

இதற்கு விஞ்ஞானிகள் ஒரு கணக்குச் சொல்கிறார்கள். கடல் மட்டத்துக்கு மேல் 1 அடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே சுமார் 40 அடி வரை நல்ல தண்ணீர் இருக்கும். மேலே 1 அடி குறைந்தால், கீழே 40 அடி போய்விடும். உப்பு மேலே ஏறிவிடும்.

ஆழமாகப் போர் போட்டு, மோட்டார் வைத்து உறிஞ்சினால் என்ன ஆகும் என்பதை இதிலிருந்தே தெரிந்துகொள்ளலாம்.

மணலுக்கு இன்னொரு குணமும் உண்டு. மழையை எவ்வளவு வேகமாக விழுங்குகிறதோ, அதே வேகத்தில் மற்றதையும் விழுங்கும். கக்கூஸ் தொட்டியின் கசிவு, வயலில் போட்ட உரம், படகின் டீசல், ஆலையின் கழிவு எதையும் அது "வேண்டாம்" என்று சொல்லாது.

அடுத்தடுத்து மூன்று அடிகள்

2004 டிசம்பர் 26. சுனாமி வந்தது. காரைக்கால் கரையிலும் உயிர்களைக் கொண்டுபோயிற்று. கடல் நீர் கரையோரக் கிணறுகளில் புகுந்தது.

2022 ஜூலை. காரைக்காலில் காலரா பரவியது. வயிற்றுப்போக்கினால் ஏராளமான பேர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். பொதுச் சுகாதார அவசர நிலை அறிவிக்கப்பட்டது. தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள் என்று வீடு வீடாகச் சொன்னார்கள்.

2023 மார்ச் 2. நாகூரை ஒட்டி இன்னொரு பட்டினச்சேரி இருக்கிறது. அது நாகப்பட்டினம் மாவட்டத்தைச் சேர்ந்தது. அந்தக் கரையில் எண்ணெய்க் குழாய் உடைந்தது. சென்னை பெட்ரோலியக் கழகத்தின் கச்சா எண்ணெய் கடலில் கலந்தது. குழாயை அகற்றக் கோரி மீனவர்கள் போராட்டம் நடத்தினார்கள்.

பெயர் ஒன்று, ஊர் இரண்டு. ஆனால் கடல் ஒன்றுதான்.

உப்பு, கிருமி, எண்ணெய் என்று மூன்று விதமான கேடு. மூன்றுக்கும் ஒரே வைத்தியம் கிடையாது. காய்ச்சினால் கிருமி சாகும். ஆனால் உப்பும் உலோக விஷமும் சாகாது. தண்ணீர் ஆவியாகிக் குறையக் குறைய, மிச்சத்தில் அவை இன்னும் கெட்டியாகும்!

"காய்ச்சிவிட்டோம், இனிப் பயம் இல்லை" என்று தாய்மார்கள் நினைக்கக் கூடாது.

தேடியது மட்டுமே கிடைக்கும்

"ரசாயனச் சோதனைதான் இருக்கிறதே! பிறகு மீன் எதற்கு? வெங்காயம் எதற்கு?" என்று கேட்கலாம்.

நியாயமான கேள்வி.

ரசாயனச் சோதனையில் ஒரு குறை உண்டு. எதைத் தேடுகிறோமோ, அது மட்டும்தான் கிடைக்கும். ஈயம் உண்டா என்று கேட்டால், "உண்டு", "இல்லை" என்று சொல்லும். கேட்காத விஷத்தைப் பற்றி அது வாய் திறக்காது.

உலகத்தில் புழங்கும் ரசாயனங்கள் பல ஆயிரம். எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் தேட எந்தப் பஞ்சாயத்திடம் பணம் இருக்கிறது?

இன்னொரு சங்கடம். ஒவ்வொரு விஷத்துக்கும் இவ்வளவுதான் இருக்கலாம் என்று அளவு வைத்திருக்கிறார்கள். ஈயமானால், ஒரு லிட்டரில் 0.01 மில்லிகிராம். குரோமியமானால், 0.05 மில்லிகிராம். ஒவ்வொன்றும் அளவுக்குள் இருக்கிறது. ஆனால், பத்து விஷம் ஒன்று சேர்ந்தால்? பத்துப் பேர் ஆளுக்கு ஒரு கல்லை ஏற்றினால், வண்டி குடை சாயாதா?

உயிருள்ள ஒன்றை அந்தத் தண்ணீரில் வைத்தால் இது தெரிந்துவிடும். பெயர் தெரியாத விஷமானாலும் உயிர் அதை உணரும். அதனால்தான் மீனைத் தேடினார்கள்.

செத்த மீனும் தூங்கிய காகிதமும்

மீன் சொன்னதையாவது மனிதர்கள் கேட்டார்களா?

போபாலில் நடந்ததைப் பார்க்கலாம். 1984 டிசம்பரில் யூனியன் கார்பைடு ஆலையில் விஷவாயு கசிந்து ஆயிரக்கணக்கானவர்கள் மாண்டார்கள். அதை உலகமே அறியும். ஆலை மண்ணில் புதைந்த கழிவைப் பற்றி அந்த அளவுக்கு யாரும் பேசவில்லை.

1989-ல் ஆலைக்கு உள்ளே மாதிரிகள் எடுத்தார்கள். அவற்றில் மீன்களை விட்டார்கள். நூற்றுக்கு நூறு மீன்களும் செத்தன. இதை அந்த நிறுவனத்தின் உள் குறிப்பே சொல்கிறது. அந்தக் குறிப்பு பல ஆண்டுகளுக்குப் பிறகு, அமெரிக்க நீதிமன்ற வழக்கின் மூலம்தான் வெளியே வந்தது.

சுற்றியுள்ள பேட்டைகளின் ஜனங்கள் அதுவரை நிலத்தடி நீரைத்தான் குடித்து வந்தார்கள். அவர்களுக்கு நல்ல தண்ணீர் கொடுக்க வேண்டும் என்று 2004-ல் சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது. ஆலையில் கிடந்த 337 டன் கழிவை அகற்றி எரித்து முடிக்க 2025 ஆகிவிட்டது.

மீன்கள் உயிரைக் கொடுத்துச் சாட்சி சொல்லின. சாட்சியம் அலமாரியில் தூங்கிற்று.

இதில் இரண்டு பாடம் உண்டு. ஒன்று, சோதனை ஊர் ஜனங்களின் கண்முன்னே நடக்க வேண்டும். மற்றொன்று, அதற்காக ஓர் உயிரைப் பலி கொடுக்கத் தேவையில்லை.

மேல்விஷாரம் காட்டிய வழி

இரண்டாவது பாடத்தைத் தமிழ்நாட்டிலேயே செய்து காட்டியிருக்கிறார்கள்.

பாலாற்றங்கரையில் உள்ள வேலூர், ராணிப்பேட்டைப் பக்கம் தோல் பதனிடும் தொழிலுக்குப் பேர்போனது. அந்தத் தொழில் பலருக்குச் சோறு போட்டது. பல கிணறுகளைக் கெடுக்கவும் செய்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் வழக்குப் போட்டது. 1996 ஆகஸ்டு 28-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொன்னது. தண்ணீரைக் கெடுத்தவரே அதைச் சரி செய்யும் செலவையும் தர வேண்டும். கேடு இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு தொழில் நடத்துபவரைச் சேர்ந்தது. இந்த இரண்டும் அந்தத் தீர்ப்பின் உயிர்நாடி.

அதே வட்டாரத்தில் மேல்விஷாரத்தில் சி. அப்துல் ஹக்கீம் கல்லூரி இருக்கிறது. அங்குள்ள விஞ்ஞானிகள் மீனின் உடலிலிருந்து செல்களை எடுத்துக் கண்ணாடிப் பாத்திரத்தில் வளர்த்தார்கள்.

செல் என்றால் என்ன? வீடு செங்கல்லால் ஆனது. உடம்பு செல்லால் ஆனது. கண்ணுக்குத் தெரியாத உயிர்ச் செங்கல் என்று வைத்துக்கொள்ளலாம். சரியான உணவும் சூடும் கொடுத்தால், உடம்புக்கு வெளியிலும் அது பெருகும்.

தோல் ஆலைக் கழிவு நீரை உயிருள்ள மீன்களிடமும் சோதித்தார்கள். அதே மீனின் செல்களிடமும் சோதித்தார்கள். கேரளத்தில் கரிமீன் என்று விரும்பிச் சாப்பிடுகிறார்களே, அந்த மீன்தான். இரண்டையும் ஒப்பிட்டு, மீனுக்குப் பதிலாகச் செல்களைப் பயன்படுத்தலாம் என்று முடிவு கண்டார்கள். இந்த ஆராய்ச்சி 2012-ல் வெளிவந்தது.

வெளிநாடுகளும் இதே பாதையில்தான் போகின்றன. ஜெர்மனி 2005-ல் கழிவு நீர்ச் சட்டத்தை மாற்றியது. மீனை விட்டுப் பார்ப்பதை நிறுத்தி, மீன் முட்டையில் சோதிக்கச் சொன்னது. 2021-ல் உலக நாடுகளின் பொருளாதார அமைப்பு ஒன்று, டிரவுட் மீனின் செவுள் செல்லைக் கொண்டு நடத்தும் சோதனையை ஏற்று விதிமுறை வெளியிட்டது. என்றோ ஒரு மீனிடம் எடுத்த செல், இன்றும் பெருகிக்கொண்டே இருக்கிறது!

வெளிச்சம் போடும் கிருமி

இன்னொரு சாட்சி கடலிலேயே இருக்கிறது.

கடலில் வாழும் ஒரு நுண்ணுயிர் இருட்டில் வெளிச்சம் விடும். மனிதருக்கு அதனால் கெடுதல் இல்லை. சில வகைக் கணவாய்கள் இதைத் தங்கள் உடம்பிலேயே விளக்குப் போல வைத்திருக்கின்றன.

இந்த நுண்ணுயிரை உலர்த்தி, சிறு குப்பியில் அடைத்து விற்கிறார்கள். வேண்டியபோது நீர் ஊற்றி எழுப்புகிறார்கள். சோதிக்க வேண்டிய தண்ணீரை அதில் கலக்கிறார்கள். விஷம் இருந்தால் வெளிச்சம் மங்கும். எவ்வளவு மங்குகிறதோ, அவ்வளவு விஷம். அரை மணி நேரத்தில் விடை தெரிந்துவிடும்.

மீனுக்கு நாலு நாள். இதற்கு அரை மணி!

இதில் பட்டினச்சேரிக்கு ஒரு தனி லாபம் உண்டு. இது கடலில் பிறந்த உயிர். உப்புக்கு அஞ்சாது. உப்பு இல்லாவிட்டால்தான் அதற்குச் சங்கடம். கடலோரக் கிணற்று நீரைச் சோதிக்க இதைவிடப் பொருத்தமான சாட்சி எது?

ஆனால் வெளிச்சத்தை அளக்கக் கருவி வேண்டும். ஊருக்கு ஒன்று வைக்க முடியாது. காரைக்காலுக்கு ஒன்று வைக்கலாம்.

மூன்று நாளில் வேர்

ஊரிலேயே செய்யக்கூடியது வெங்காயச் சோதனை. 1938-ல் சுவீடன் நாட்டு விஞ்ஞானி ஆல்பர்ட் லெவான் இதற்கு வழி காட்டினார்.

ஒரே அளவான வெங்காயங்களை எடுக்க வேண்டும். மேல் சருகை உரித்து, அடியில் உள்ள பழைய வேரைப் பதமாகச் சுரண்ட வேண்டும். சிறு தம்ளர்களில் கிணற்று நீரை நிரப்பி, வெங்காயத்தின் அடி மட்டும் நீரில் படும்படி உட்கார வைக்க வேண்டும். வேறு சில தம்ளர்களில் நல்ல தண்ணீர் வைத்து, அதிலும் வெங்காயங்களை வைக்க வேண்டும். வெயில் படக் கூடாது. தினமும் தண்ணீரை மாற்ற வேண்டும்.

மூன்று நாளில் வேர் விடும். அடிக்கோலால் அளந்து பார்க்கலாம். நல்ல தண்ணீரில் வேர் நீண்டு, வெள்ளையாக இருக்கும். விஷத் தண்ணீரில் குட்டையாகும், வளையும், நிறம் மாறும். கல்லூரியில் மைக்ராஸ்கோப் இருந்தால், வேர் நுனியில் உள்ள செல்கள் சிதைந்திருப்பதையும் காணலாம்.

குழாயில் குளோரின் வாசனை அடித்தால், அந்தத் தண்ணீரை ஒரு நாள் திறந்து வைத்த பிறகே ஒப்பிட எடுக்க வேண்டும்.

உப்பு ஏமாற்றும்

இங்கே கடலோரத்துக்காரர்கள் ஒரு விஷயத்தில் உஷாராக இருக்க வேண்டும்.

வெங்காயத்துக்கு உப்பு ஆகாது. உப்பு மிகுந்த கிணற்று நீரில் விஷமே இல்லாவிட்டாலும் வேர் குட்டையாகும். அதைப் பார்த்து, "ஐயோ, விஷம்!" என்று ஊர் கலங்கினால் தவறு. "எல்லாம் உப்புதான்" என்று அதிகாரி தட்டிக் கழித்தாலும் தவறு.

இதற்கு வழி இருக்கிறது. மூன்றாவதாக ஒரு வரிசைத் தம்ளர் வைக்க வேண்டும். அதில் நல்ல தண்ணீரை ஊற்றி, கிணற்று நீரில் உள்ள அதே அளவு உப்பைக் கரைக்க வேண்டும். உப்பை அளக்கும் சிறு மீட்டர் கடைகளில் கிடைக்கிறது.

உப்புத் தண்ணீரில் வளர்ந்த வேரும் கிணற்று நீரில் வளர்ந்த வேரும் ஒரே நீளமா? குற்றவாளி உப்பு. கிணற்று நீரில் இன்னும் குட்டையா? உப்போடு வேறு ஏதோ இருக்கிறது. மாதிரியை உடனே ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும்.

மூன்றாவது தம்ளர் இல்லாத சோதனையை நம்பக் கூடாது.

மீன் பிடிக்கிற ஊரில் மீனுக்கு இரக்கமா?

"தினமும் கூடை கூடையாக மீன் பிடிக்கிறார்கள். சோதனையில் பத்து மீன் செத்தால் என்ன?" என்று சிலர் சிரிக்கலாம்.

மீனவர் மீனைப் பிடிப்பது பசிக்கு; பிழைப்புக்கு. அதை யாரும் குறை சொல்லவில்லை. ஆனால் தேவையில்லாமல் உயிரை வதைப்பதை மீனவரும் விரும்புவதில்லை.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. மதுரையில் பிறந்த ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் கொண்டுவந்த மசோதாதான், 1960-ம் ஆண்டின் பிராணி வதைத் தடுப்புச் சட்டத்துக்கு வித்து. முடிந்த இடங்களில் எல்லாம் பிராணிகளைச் சோதனைக்கு உபயோகிப்பதைத் தவிர்க்க வேண்டும் என்று அந்தச் சட்டத்தில் இருக்கிறது. இப்போது முடிகிறது. ஆகவே தவிர்க்க வேண்டும்.

இரக்கத்தை ஒதுக்கி வைத்துப் பார்த்தாலும் புது வழிதான் மேல். நாலு நாளில் மீன் செத்ததா, இல்லையா என்பதைத்தான் பழைய சோதனை சொல்கிறது. மனிதர் அந்தத் தண்ணீரை நாற்பது வருஷம் குடிக்கிறார்கள்! மீன் சாகாத தண்ணீரும் மனிதரை மெள்ள மெள்ளக் கெடுக்கலாம். செல்லும் வேரும் சாவதற்கு முன்பே தங்கள் வேதனையைக் காட்டிவிடுகின்றன.

ஆசைக்கு அளவு வேண்டும்

வெங்காயத்தால் எல்லாம் தெரிந்துவிடும் என்று யாராவது சொன்னால், அதையும் நம்பக் கூடாது.

காலராக் கிருமியை அது காட்டாது. குடிநீருக்கு வைத்த எல்லையைச் சிறிது தாண்டிய ஆர்செனிக்கைக் காட்டாது. தருமபுரிப் பக்கத்தில் பல்லைக் கறையாக்கிய புளோரைடைக் காட்டிக்கொடுக்கும் என்றும் நம்பியிருக்க முடியாது. கருவில் உள்ள குழந்தைக்கு என்ன ஆகும் என்பதைச் செல் மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது.

ஆகவே மூன்று சோதனையும் வேண்டும். கிருமிக்குக் கிருமிச் சோதனை. பெயர் தெரிந்த விஷத்துக்கு ரசாயனச் சோதனை. பெயர் தெரியாத விஷத்துக்கு வெங்காயம், வெளிச்சம், செல். மூன்றும் ஒரே வார்த்தை சொன்னால்தான் கிணறு நல்ல கிணறு.

இப்போது முதல் இரண்டும் நடக்கின்றன. மூன்றாவதைச் சேர்க்க வேண்டும் என்பதே கோரிக்கை.

யார் செய்வது?

ஆள் இல்லை என்று சொல்ல முடியாது.

2019-ல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தில், ஊருக்கு ஐந்து பெண்களுக்குத் தண்ணீர் சோதிக்கப் பயிற்சி தர வேண்டும் என்று இருக்கிறது. அந்த ஐந்து பெண்களுக்கு வெங்காயச் சோதனையையும் கற்றுக்கொடுக்கலாம். ஒரு நாள் பயிற்சி போதும்.

காரைக்காலில் ஜவாஹர்லால் நேரு வேளாண்மைக் கல்லூரி இருக்கிறது. திருவேட்டக்குடியில் தேசியத் தொழில்நுட்பக் கழகம் இருக்கிறது. வெளிச்சம் அளக்கும் கருவியை அங்கே வைக்கலாம். திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில், பிராணிகளுக்கு மாற்று வழி காணவென்றே மகாத்மா காந்தி பெயரில் ஒரு மையம் அமைத்தார்கள். செல் வளர்த்த அனுபவம் மேல்விஷாரத்தில் இருக்கிறது. காவிரிக்கு ஒரு கல்லூரி, பாலாற்றுக்கு ஒரு கல்லூரி கை கொடுத்தால், கடற்கரை பிழைக்கும்.

வருஷத்துக்கு இரண்டு முறை சோதித்தால் போதும். கோடையில் ஒன்று. ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்த பிறகு ஒன்று. கோடையில் உப்பு ஏறும். மழையில் மேலே கிடக்கும் அழுக்கெல்லாம் மணலில் இறங்கும். எண்ணெயோ கழிவோ கொட்டினால், தவணை பார்க்காமல் அன்றே சோதிக்க வேண்டும்.

முடிவை ஃபைலில் கட்டி வைக்கக் கூடாது. ஒவ்வொரு கிணற்றடியிலும், அடிபம்பின் பக்கத்திலும் பலகையில் எழுத வேண்டும். நேற்று எழுத்துக் கற்றவரும் படிக்கும்படி எழுத வேண்டும். "குடிக்கலாம்", "துவைக்க மட்டும்", "தொடாதே" என்று பெரிய எழுத்தில் இருந்தால் போதும்.

இங்கே எந்த ஆலையின் மீதும் குற்றம் சுமத்தவில்லை. சோதித்துப் பார்க்காதவரை சந்தேகம் ஊரையும் உறுத்தும், ஆலையையும் உறுத்தும். தண்ணீர் சுத்தம் என்று தெரிந்தால் இருவருக்கும் நிம்மதி. இல்லை என்று தெரிந்தால், 1996 தீர்ப்பு இருக்கிறது. கெடுத்தவர் கொடுக்க வேண்டும்.

மீன் கடலில் இருக்கட்டும். வலைக்கு வந்தால் வரட்டும். கிணற்றுக்குச் சாட்சி சொல்ல அதைக் கூப்பிட வேண்டாம். அதற்கு ஒரு தம்ளரும் ஒரு வெங்காயமும், படிக்கத் தெரிந்த ஒரு பெண்ணும் போதும்.